ஆந்திர எல்லையையே தாண்ட முடியாத மாங்காய்க்கு அமெரிக்க வரியைப் பற்றி என்ன கவலை?

கேள்வி: அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டபோது நாமும் திருப்பிப் போட்டிருக்க வேண்டாமா? அதை விட்டுவிட்டு நாடு நாடாகப் போய் வர்த்தக ஒப்பந்தம் போடுகிறார்கள். வியாபாரிக்கு லாபம், விவசாயிக்கு நாமம் என்பது என் கட்சி. ஓசூரில் வேலை பார்க்கும் என் மச்சானோ, ஒப்பந்தம் போடாவிட்டால் ஃபேக்டரியில் வேலையே இருக்காது என்கிறார். வீட்டில் தினமும் இதே சண்டை. இந்த ஒப்பந்தங்களால் நாட்டுக்கு நன்மையா, இல்லையா? ஒரே வரியில் சொல்லுங்கள்.
(போச்சம்பள்ளி வாசகர்)

பதில்: ஒரே வரியில் என்றால், மச்சான் சொல்வது சரி, உங்கள் கோபமும் சரி, ஆனால் நீங்கள் கோபப்படுகிற இடம் தப்பு. இதை அப்படியே வீட்டில் போய்ச் சொன்னால் சண்டை இன்னும் பெரிதாகும் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் திருப்பிப் போடுகிற விஷயம். அமெரிக்கா போட்ட வரியை நாம் கட்டுவதில்லை, அங்கே நம் சரக்கை இறக்கும் அமெரிக்க வியாபாரிதான் தன் அரசுக்குக் கட்டுகிறார். அதன் பிறகு அவர் நம் ஏற்றுமதியாளரைக் கூப்பிட்டு "விலையைக் குறை, இல்லை என்றால் வேறு நாட்டில் வாங்கிக்கொள்கிறேன்" என்பார், அடி நமக்கு விழுவது அங்கேதான். நாமும் பதிலுக்குப் போட்டால்? போட்டுப் பார்த்திருக்கிறோமே. 2019 ஜூனில் பாதாம், வால்நட், ஆப்பிள் உட்பட 28 அமெரிக்கப் பொருள்களுக்கு வரியைக் கூட்டினோம். அந்தக் கூடுதல் வரியைக் கட்டியவர்கள் நம் ஊர் இறக்குமதியாளர்கள், கடைசியில் பாதாம் வாங்கித் தின்றவர்கள். 2023இல் பாதாம், வால்நட், ஆப்பிள் உட்படச் சில பொருள்களுக்கு அதை விலக்கிக்கொண்டோம். மீசை முறுக்குவதற்கு நன்றாக இருக்கும், கணக்குப் பார்த்தால் நிற்காது.

அப்புறம், அந்த 50 என்ற எண்ணை மட்டும் பார்த்து அலறுவதிலும் அர்த்தமில்லை. 2025 ஆகஸ்ட் 7இல் 25 சதவீதம், ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று ஆகஸ்ட் 27இல் இன்னொரு 25. இந்த மாதிரி எண்கள் ஒருவர் மனநிலையைப் பொறுத்து மாறக்கூடியவை, அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். கவனிக்க வேண்டியது பக்கத்தில் இருப்பவனுக்கு என்ன என்பதைத்தான். அந்த ஆகஸ்டில் வியட்நாமுக்கும் வங்கதேசத்துக்கும் 20, பாகிஸ்தானுக்கு 19. எல்லோருக்கும் 50 என்றால் திருப்பூர்க்காரர் தூங்கியிருப்பார். நமக்கு 50, வங்கதேசத்துக்கு 20 என்கிறபோதுதான் ஆர்டர் டாக்காவுக்குப் போகிறது. ஒப்பந்தம் எதற்கு என்ற உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. ஓசூர் ரோஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியச் சந்தையில் அதற்குப் போட்டி கென்யா, எத்தியோப்பியா ரோஜாக்கள். அந்த இரண்டு நாட்டுப் பூவுக்கும் அங்கே இறக்குமதி வரி கிடையாது. நம் பூ வரி கட்டிக்கொண்டு போட்டி போட்டது, அதுவும் காதலர் தினத்துக்கு முந்தைய வாரத்தில், விமானச் சரக்குக் கட்டணம் எகிறுகிற நேரத்தில். தேன்கனிக்கோட்டை பக்கம் பசுமைக்குடில் போட்டிருப்பவரிடம் போய் "ஒப்பந்தம் எல்லாம் ஏமாற்று" என்று சொல்லிப் பாருங்கள், என்ன கிடைக்கிறது என்று.

உங்கள் மச்சான் எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை. டாடா எலக்ட்ரானிக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ஐபோனுக்கு மேல்கூடு செய்கிற ஆலை. அமெரிக்கா உலகம் பூராவும் வரி போட்டபோது ஸ்மார்ட்போன் போன்ற மின்னணுப் பொருள்களை 2025 ஏப்ரலிலேயே தள்ளி வைத்துவிட்டது, ஆப்பிள் கம்பெனிக்கு அவ்வளவு செல்வாக்கு. ஆக அதே மாவட்டத்தில், அந்த ஆகஸ்டில், போன் பாகம் செய்கிறவருக்குப் பெரிய பாதிப்பில்லை, கிரானைட் பலகையை மெருகேற்றிக் கப்பலில் ஏற்றுகிறவருக்கு 50. 'நாட்டுக்கு' என்று ஒன்றும் நடக்கவில்லை பாருங்கள். ஒரே பஸ்ஸில் போகிற இரண்டு பேருக்கு இரண்டு விதமாக நடந்தது.

இப்போது நம் மாங்காய்க்கு வருவோம். வரி என்றால் என்ன, யாருக்கு லாபம் என்று புரிய வாஷிங்டன் வரை போகவே தேவையில்லை, குப்பம் எல்லை போதும். 2025 ஜூனில் சித்தூர் மாவட்ட நிர்வாகம், வெளி மாநிலத்துத் தோத்தாபுரி (நம் ஊரில் பெங்களூரா என்போமே, அதேதான்) உள்ளே வரக் கூடாது என்று தடை போட்டது. எல்லைச் சாலைகளில் ஆள் நிறுத்தி லாரியைத் திருப்பி அனுப்பினார்கள். கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதும் அளவுக்குப் போனது. ஏன் போட்டார்கள்? ஆந்திர அரசு தன் விவசாயிக்குக் கிலோ 12 ரூபாய் கிடைக்க வழி செய்திருந்தது, பழம் வாங்குகிற மாங்கூழ் ஆலை 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் மானியம் தரும். அந்த நேரத்தில் விலை விழுந்து கிடந்த பக்கத்து மாநிலப் பழம் லாரி லாரியாக வந்து இறங்கினால் எந்த ஆலைக்காரன் 8 ரூபாய் கொடுப்பான்? அதனால் கதவைச் சாத்தினார்கள்.

இதில் யாருக்கு என்ன ஆனது என்று யோசியுங்கள். சித்தூர் விவசாயிக்குப் பாதுகாப்பு. சித்தூர் கூழ் ஆலைக்கு மலிவான பழம் போச்சு. கிருஷ்ணகிரி விவசாயிக்கு வாங்குகிற ஆள் குறைந்தார்கள். கிருஷ்ணகிரி கூழ் ஆலைக்கோ போட்டிக்கு வாங்க ஆளில்லாததால் இன்னும் மலிவாகப் பழம். ஒரு தடை, நாலு விளைவு, 'தமிழ்நாட்டுக்கு நட்டம்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் நம் ஊர் ஆலைக்குக் கிடைத்த லாபம் கண்ணில் படாமலே போய்விடும். (நாட்டுக்குள்ளே வணிகம் தடையின்றி நடக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 301ஆவது பிரிவு சொல்கிறது. ஜிஎஸ்டி வந்து சோதனைச் சாவடிகளை எல்லாம் எடுத்தாயிற்று என்று 2017இல் கொண்டாடியதும் நினைவிருக்கிறது. என்னத்தைச் சொல்ல.)

நாடுகளுக்கு இடையே நடப்பதும் இதேதான், அளவுதான் பெரிது. 2025 ஜூலை 24 அன்று பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பாருங்கள். நம் பொருள்களில் 99 சதவீத வகைகளுக்கு அவர்கள் வரியை எடுக்கிறார்கள், பதப்படுத்திய உணவும் அதில் வருகிறது. பதிலுக்கு நாம் ஸ்காட்ச் விஸ்கிக்கு 150 சதவீதமாக இருந்த வரியை 75 ஆக்கி, பத்து வருடத்தில் 40க்குக் கொண்டுவருகிறோம். பால், ஆப்பிள் போன்றவற்றைத் தொடவிடவில்லை. வாங்கியதையும் கொடுத்ததையும் வைத்துப் பார்த்தால் மோசமான பேரம் இல்லை என்பது என் கருத்து. விஸ்கி மலிவதால் நாசமாகப் போகிற விவசாயி கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் யாரும் இல்லை.

சரி, அப்படியானால் மாம்பழக் கூழுக்கு வரி போனதும் மரத்தடியில் விலை ஏறிவிடுமா? இங்கேதான் உங்கள் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது. ஏறாது. தானாக ஏறாது. லண்டனில் மிச்சமாகிற வரிப் பணம் முதலில் அங்கத்திய இறக்குமதியாளர் கைக்கு, பிறகு இங்கத்திய ஏற்றுமதியாளர் கைக்கு, பிறகு ஆலைக்கு, அங்கே நின்றுவிடும். காவேரிப்பட்டணத்தில் தோப்பு வைத்திருப்பவர் பூ விடும்போதே குத்தகைக்கு விட்டிருப்பார், இல்லை என்றால் பழுத்த காயை வைத்துக்கொண்டு ஆலை வாசலில் டிராக்டரோடு வரிசையில் நிற்பார். பழுத்த பழத்தை வைத்துக்கொண்டு பேரம் பேச முடியாது. வருடா வருடம் கலெக்டர் ஆபீஸில் விவசாயிகளையும் ஆலைக்காரர்களையும் உட்கார வைத்து விலை பேசுவதும், வெளியே வந்ததும் போன வருடக் கூழே டிரம்மில் கிடக்கிறது என்று ஆலைகள் சொல்வதும் உங்களுக்குத் தெரியாததா? 2025 சீசனில் ஒற்றை இலக்க ரூபாய்க்குக் கேட்டார்கள், அதற்கும் எடுக்க ஆளில்லாமல் ரோட்டோரத்தில் கொட்டியதைப் பார்த்தோம். இதற்கு பிரிட்டிஷ் பிரதமர் பொறுப்பல்ல. நாம் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள் பொறுப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விவசாயிக்கு விழுந்த பெரிய அடிகளில் பல, நீங்கள் திட்டுகிற ஒப்பந்தத்தால் விழுந்தவை அல்ல. தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குப் போகிறவர்களைக் கேளுங்கள். 2011 பட்ஜெட்டில் கச்சாப் பட்டு இறக்குமதி வரியை 30 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். சீனப் பட்டு உள்ளே வந்தது, கூடு விலை சரிந்தது, மல்பெரியைப் பிடுங்கிப் போட்டவர்களும் உண்டு. 2013இல் 15க்கு ஏற்றினார்கள். நடுவில் 10 ஆனது, 2021இல் மறுபடி 15. இதில் எந்த நாட்டோடும் பேச்சுவார்த்தை கிடையாது, கைகுலுக்கும் போட்டோ கிடையாது. டெல்லியில் ஒரு அறிவிக்கை, அவ்வளவுதான். பருத்தியும் அப்படியே. 2025 ஆகஸ்ட் 19 முதல் பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை எடுத்தார்கள். முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள், பிறகு டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். அமெரிக்க வரியால் அடிபட்ட திருப்பூரைக் காப்பாற்ற அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் நாட்டில் புதுப் பஞ்சு சந்தைக்கு வருகிற அதே மாதங்களில் எடுத்தார்கள். அரூர்ப் பக்கம் பருத்தி போட்டவரிடம் யாராவது கேட்டார்களா? அதற்கு முன்னால் அந்த வருடம் மே கடைசியில் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் அடிப்படை வரியை 20லிருந்து 10 ஆக்கினார்கள். நகரத்தில் எண்ணெய் விலை பேசியவர்கள் பென்னாகரத்து மானாவாரி நிலக்கடலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அறிவிக்கைக்கும் ஒப்பந்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மச்சானுக்கும் சொல்லுங்கள், அவருக்கும் வேண்டும். அறிவிக்கையில் குறைத்த வரியை இன்னொரு அறிவிக்கையில் ஏற்றலாம், பட்டில் ஏற்றினார்கள். ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்ததை அப்படி இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது. ஆலை கட்டுகிறவருக்கு அதுதான் ஒப்பந்தத்தின் ருசி, பத்து வருடத்துக்கு இதுதான் வரி என்று நம்பிப் பணத்தைப் போடலாம். விவசாயிக்கு அதுவே பயம், ஏனென்றால் விலை விழுகிற வருடத்தில் அரசாங்கத்திடம் போய் வரியைப் போடு என்று கேட்க வழி சுருங்கிவிடும். அதனால் எதை எழுதிக் கொடுக்கலாம், எதை எழுதிக் கொடுக்கக் கூடாது என்கிற பட்டியல்தான் மொத்த விஷயமும். ஆசியான் ஒப்பந்தம் 2009இல் கையெழுத்தானபோது கேரளம் கொதித்தது, மனிதச் சங்கிலி நின்றார்கள். ரப்பர், மிளகு, தேயிலை என்று பெயர் சொல்லிச் சண்டை போட்டார்கள். மிளகுக்கும் தேயிலைக்கும் வரி பூஜ்யமாகப் போகாமல், மெதுவாகக் குறைந்து ஒரு அளவில் நிற்கும்படிதான் ஒப்பந்தம் ஆனது. நம் பக்கம் மாங்கூழையோ பட்டையோ பெயர் சொல்லி யாராவது எப்போதாவது ஒரு ஆர்ப்பாட்டம் செய்திருக்கிறார்களா, டெல்லி பேச்சுவார்த்தை நடக்கிற சமயத்தில்? விலை விழுந்த பிறகு மறியல் செய்வோம். அதில் நாம் கெட்டிக்காரர்கள்.

கேட்க வழியே இல்லாமல் வைத்திருக்கிறார்கள் என்பதும் உண்மைதான். அமெரிக்காவில் இது மாதிரி முழு வர்த்தக ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும் என்பது மரபு. இங்கே வேண்டியதில்லை, மத்திய அமைச்சரவை முடிவு செய்தால் போதும். விவசாயம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, ஆனால் வெளிநாட்டோடு போட்ட ஒப்பந்தத்தை நிறைவேற்ற மாநில விஷயத்திலும் சட்டம் போடலாம் என்று 253ஆவது பிரிவு டெல்லிக்கு அதிகாரம் தருகிறது. சென்னையைக் கேட்க வேண்டிய கட்டாயமே இல்லை. கையெழுத்தாகும்வரை பேச்சு ரகசியம், கையெழுத்தானதும் ஆயிரம் பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஆவணம். உங்கள் கோபத்தை இந்த இடத்துக்குத் திருப்புங்கள். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இரண்டு எம்.பி.க்கள் இருக்கிறார்கள். அடுத்த ஒப்பந்தப் பேச்சு தொடங்கும்போதே, கச்சாப் பட்டு எந்தப் பட்டியலில் இருக்கிறது, மாங்கூழுக்கு அந்த நாட்டில் இப்போது எத்தனை சதவீதம், குறைகிற வரியில் ஆலைக்குக் கிடைப்பதில் பழ விலைக்கு எவ்வளவு என்று அவர்களை எழுத்தில் கேளுங்கள். நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பினால் அமைச்சர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். பதில் வந்தால் எங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், அப்படியே அச்சில் போடுகிறோம்.