கல்லறை இல்லாதவருக்கு எங்கே மெழுகுவர்த்தி ஏற்றுவது?

கேள்வி: ஒக்கி புயலில் சிக்கிய என் அண்ணன் திரும்பவே இல்லை, உடலும் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளன்று ஊரே பூவும் மெழுகுவர்த்தியுமாகப் போகும்போது எங்கள் மைனி (அண்ணனின் மனைவி) கதவைச் சாத்திக்கொள்கிறார். போன மாதம் வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருவர், ‘கடற்கரைக்காரர்களின் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த அடி’ என்றார். அன்றிலிருந்து மைனி கோவிலுக்கே வருவதில்லை. எனக்கும் ஜெபமாலையை எடுத்தால் கோபம்தான் வருகிறது. இது பாவமா? மைனிக்கு என்ன சொல்ல?
- ஒரு தங்கை, குமரி மாவட்டம்

பதில்: அன்புத் தங்கைக்கு,

ஜெபிக்க வந்தவர் சொன்னதை முதலில் தள்ளிவிடுவோம். சிலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததை இயேசுவே எடுத்துப் பேசியிருக்கிறார் (லூக்கா 13). எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே சொல்லியும்விட்டார். மனம் மாறச் சொன்னது எதிரே நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம். செத்தவர்களின் வீடுதேடிப் போய் அதைச் சொல்லவில்லை.

அடுத்து உங்கள் கோபம். வேதத்தில் வரும் யோபு என்ற நல்ல மனிதரின் பத்துப் பிள்ளைகளும் வீட்டின்மேல் மோதிய பெருங்காற்றில்தான் மடிந்தார்கள். நண்பர்கள் வந்து ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. காரணம் சொல்லத் தொடங்கியதும் கெட்டது. கடவுள் யோபுவையும் சும்மா விடவில்லை, கேள்விமேல் கேள்வி கேட்டார். ஆனால் அவர் சினந்தது, தமக்காக வக்காலத்து வாங்கிய அந்த நண்பர்கள்மேல். ஆகவே ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே சண்டை போடுங்கள், பாவமில்லை. வார்த்தை வராவிட்டால் திருப்பாடல் 88 இருக்கிறது. கடைசி வரியில்கூட ஆறுதல் கிடையாது, இருளிலேயே முடிகிறது. குருக்களும் துறவியரும் வெள்ளிக்கிழமை இரவு செபத்தில் சொல்வது அதைத்தான்.

‘ஏன் என் அண்ணன்?’ என்பதற்கு நம் வேதத்தில் விடை எழுதி வைக்கவில்லை. சிலுவையில் தொங்கியவரே ‘ஏன் என்னைக் கைவிட்டீர்?’ என்று கேட்டிருக்கிறார். ‘நல்லவர்களைக் கடவுள் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வார்’ என்கிற பேச்சும் வேண்டாம். துக்க வீட்டில் சும்மா இருக்கத் தெரியாதவர்கள் சொல்வது அது.

மைனியிடம் எதுவும் ‘சொல்ல’ வேண்டாம். நவம்பர் 2 அன்று அவர் கதவைச் சாத்தும்முன் உள்ளே போய் உட்காருங்கள். அண்ணனுக்குப் பிடித்த மீன் குழம்பு வையுங்கள். அவர் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். வருஷங்கள் போகப்போக அந்தப் பெயரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை, அதுவே அவருக்கு இன்னொரு சாவு. உடல் இல்லாததால் அண்ணனுக்குத் திருப்பலி ஒப்புக்கொடுக்கத் தடையில்லை. கல்லறைத் தோட்டத்தில் பெயர் பொறித்த ஒரு கல் வைக்கலாமா என்றும் பங்குத்தந்தையிடம் கேட்கலாம். ஆனால் மைனி தலையசைத்த பிறகுதான். ஆள் எங்காவது கரை ஒதுங்கியிருப்பார் என்ற எண்ணம் அவருக்கு இன்னமும் இருக்கலாம். கோவிலுக்கு வா என்று இழுக்காதீர்கள்.

இன்னொரு ‘ஏன்’ உண்டு. அதற்கு விடை உண்டு. 2017 நவம்பர் 29-இல் ஒக்கி இலங்கையை ஒட்டித் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாளே புயலாகிவிட்டது. தங்கலுக்கு, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போன படகுகள் பல நாள் முன்பே ஆழ்கடலில் இருந்தன. கரையிலிருந்து எச்சரிக்கை அவர்களை எட்ட வழியில்லை. காற்று இயற்கையுடையது, சேதி எட்டாமல் போனது மனிதர் வைத்த குறை. டிசம்பர் 7 அன்று குழித்துறையில் ஆயிரக்கணக்கானோர் ரயிலை மறித்து, காணாமல்போனவர்களைத் தேடச் சொல்லிக் கேட்டார்களே, அது விசுவாசக் குறைவென்று நான் நினைக்கவில்லை. பஞ்சம் வரப்போகிறது என்று அகபு என்ற இறைவாக்கினர் சொன்னபோது அந்தியோக்கியா சபையார் யார் பாவம் என்று விசாரிக்கவில்லை. அவரவர் சக்திக்கேற்பப் பணம் திரட்டி யூதேயாவுக்கு அனுப்பினார்கள் (திருத்தூதர் பணிகள் 11). பேரிடரில் கிறிஸ்தவர் செய்யவேண்டியது என்னவென்று என்னைக் கேட்டால், அந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன்.

உங்கள் வீட்டிலிருந்து இன்னும் யாராவது தங்கலுக்குப் போகிறார்களா? போகிறார்கள் என்றால், படகில் டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோள் வழியே கரையோடு சேதி பரிமாறும் கருவி) பொருத்தியிருக்கிறதா, வேலை செய்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அடுத்த அன்பியக் கூட்டத்தில் இந்தப் பேச்சை நீங்களே எடுங்கள்.