எழும்பூரில் இறங்கியதும் எந்தச் செயலி?

கேள்வி: மகள் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து திருவான்மியூரில் தங்கியிருக்கிறாள். நானும் மனைவியும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் போய்ப் பார்த்து வருகிறோம். எழும்பூரில் இறங்கி ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. இனி பஸ்ஸிலும் ரயிலிலும் போகலாம் என்றதும் மைத்துனர் மகன் என் போனில் ஏழு செயலிகளை ஏற்றிவிட்டான். ஒன்று சொல்வதை மற்றொன்று சொல்வதில்லை. ஒன்று ஆண்டுச் சந்தா கேட்கிறது. போனில் படம் எடுக்கக்கூட இடமில்லை. எதை வைத்துக்கொள்வது? – ஒரு வாசகர், தக்கலை

பதில்: சந்தா கேட்பதை இன்றே நீக்குங்கள். இத்தகைய செயலிகள் சந்தாவுக்குத் தருவது பெரும்பாலும் விளம்பரம் இல்லாத திரையும் சில கூடுதல் வசதிகளும்தான். பஸ் எத்தனை மணிக்கு என்ற தகவல் போக்குவரத்துக் கழகத்திலிருந்து வருவது. பணம் கட்டியதால் அது திருந்திவிடாது. தினமும் நகருக்குள் அலைபவர்கள் யோசிக்கலாம். ஆண்டுக்கு ஆறு தடவை போகும் நீங்கள் யோசிக்கவே வேண்டாம்.

மீதி ஆறும் ஒரே வேலையைச் செய்வதாக நினைத்து ஒப்பிடுவதால்தான் குழப்பம். இங்கே இருப்பவை மூன்று வேலைகள். இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு எப்படிப் போவது என்று சொல்வது ஒன்று. வண்டி இப்போது எங்கே வருகிறது என்று காட்டுவது இன்னொன்று. டிக்கெட் விற்பது மூன்றாவது. முதல் வேலையில் கெட்டிக்காரச் செயலி இரண்டாவதில் கோட்டை விடும். எனவே ஒவ்வொரு செயலியிடமும், ‘இந்த நேரத்தை நீ எங்கிருந்து எடுத்தாய்’ என்பதைத்தான் பார்க்க வேண்டும்: அச்சடித்த அட்டவணையிலிருந்தா, ஓடும் வண்டியில் பொருத்திய ஜிபிஎஸ் கருவியிலிருந்தா? கூகுள் மேப்ஸில் புறப்படும் நேரம் பச்சையிலோ சிவப்பிலோ தெரிந்தால் அது ஓடும் வண்டியின் தகவல். நிறம் எதுவும் இல்லாமல் மணி மட்டும் இருந்தால் அட்டவணை.

இதில் உங்கள் வழிக்கே ஒரு பாடம் இருக்கிறது. எழும்பூரிலிருந்து புறநகர் ரயிலில் அடுத்த நிலையமான பார்க்கில் இறங்கி, பக்கத்திலிருக்கும் பார்க் டவுனுக்கு நடந்துபோய், வேளச்சேரி செல்லும் பறக்கும் ரயிலைப் பிடித்தால் திருவான்மியூர். காலை நெரிசல் தொடங்கும் முன் போகிறவர்களுக்கு இதைவிட மலிவான நல்ல வழி இல்லை. ஆனால் நான்காவது பாதை போடும் பணிக்காக 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து 2024 அக்டோபர் கடைசி வரை கடற்கரை நிலையத்துக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயில் ஓடவேயில்லை. பார்க் டவுன் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. அந்தப் பதினான்கு மாதங்களில் பழைய அட்டவணையை மட்டும் நம்பிய எந்தச் செயலியும் உங்களை ஆளில்லாத நடைமேடைக்கு அனுப்பியிருக்கும். இப்போது இரண்டாம் கட்ட மெட்ரோ வேலைக்காகப் பல சாலைகளில் பஸ் நிறுத்தங்கள் இடம் மாறியிருக்கின்றன. அங்கும் இதே கதைதான்.

செயலி காலத்தோடு இருக்கிறதா என்று தக்கலையில் உட்கார்ந்தபடியே சோதிக்கலாம். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அதற்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது: சென்னையில் நாகர்கோவில் அரசு விரைவு பஸ் எங்கே ஏறுவது? 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு தெற்கே வரும் அரசு பஸ்கள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. இன்னும் கோயம்பேட்டைக் காட்டும் செயலி இருந்தால் யோசிக்காமல் தூக்கிவிடுங்கள். இரண்டாவது சோதனை: ஒரே பயணத்தை ஒரு புதன்கிழமை காலைக்கும் ஒரு ஞாயிறு இரவு பத்தரை மணிக்கும் கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் அச்சு அசலாக ஒரே பதில் வந்தால் அந்தச் செயலிக்கு நாளும் தெரியவில்லை, பொழுதும் தெரியவில்லை.

உங்களுக்கு என் பரிந்துரை: வழி பார்க்க, ஏற்கெனவே போனோடு வந்த கூகுள் மேப்ஸ். வண்டி பார்க்கவும் டிக்கெட் எடுக்கவும் சென்னை ஒன். இது சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தின் செயலி. 2025 செப்டம்பரில் வந்தது. மாநகர பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றையும் ஒரே கியூஆர் டிக்கெட்டில் இணைக்கிறது, தமிழிலும் இயங்குகிறது. பஸ்ஸுக்கொன்று மெட்ரோவுக்கொன்று என்று மைத்துனர் மகன் ஏற்றிய தனித்தனிச் செயலிகளுக்கு இதன்பின் உங்கள் போனில் வேலையில்லை. விருப்பமிருந்தால் மூன்றாவதாக ‘வேர் இஸ் மை டிரெய்ன்’. இணையமோ ஜிபிஎஸ்ஸோ இல்லாமல், செல்போன் கோபுரங்களை வைத்தே ரயில் எங்கே போகிறது என்று சொல்லும். தாம்பரம் தாண்டிவிட்டதா என்று விடியற்காலையில் பக்கத்து பெர்த்துக்காரரை எழுப்பாமலிருக்க உதவும்.

சில நடைமுறைகள். கூகுள் மேப்ஸில் நகர வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்தாலும் இணையம் இல்லாதபோது பஸ், ரயில் வழி காட்டாது. வாகனம் ஓட்டும் வழி மட்டும்தான் வரும். ஆகவே புறப்படும் முன் வழியை ஸ்கிரீன்ஷாட்டாகப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு மட்டிப் பழக் குலையும் தேங்காயுமாகச் சுமந்து போகிறவர்கள், வழித்தேர்வு அமைப்பில் ‘குறைந்த நடை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ஐந்து நிமிடம் மிச்சம் பிடிக்க ஒரு கிலோமீட்டர் நடக்க வைக்கும். செயலிக்குச் சுமை தெரியாது.

மனைவிக்கு ஒன்று. நம் ஊர்போலவே சென்னையிலும் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அடையாளத்துக்கு முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு வண்ணம் அடிக்கப்பட்டவை உண்டு. அதே தடத்தில் டீலக்ஸ் பஸ்ஸும் ஓடும், அதில் காசு. முதலில் வருகிற வண்டியைச் சொல்வதுதான் செயலியின் பழக்கம், இலவச வண்டியை அல்ல. அவசரமில்லையென்றால் அடுத்ததைப் பாருங்கள்.

கேள்வி: சென்னையில் ஒரு செயலியில் டிக்கெட் எடுத்தேன். யுபிஐயில் பணம் போனது, டிக்கெட் வரவில்லை. இரண்டாவது முறை பணம் கட்டித்தான் பயணம் செய்தேன். முதல் பணத்தைக் கேட்டால் வங்கி செயலியைக் காட்டுகிறது, செயலி வங்கியைக் காட்டுகிறது. – ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: இருவரில் யார் தவறு என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது: யுபிஐயில் வணிகருக்குச் செலுத்திய பணம் கணக்கில் கழிந்து, வணிகருக்கு உறுதிச் செய்தி போய்ச் சேராவிட்டால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். அதன்பின் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு.

ஆனால் பணம் வணிகரிடம் சேர்ந்து, டிக்கெட் மட்டும் வராமல் போனால் இந்த விதி கைகொடுக்காது. அப்போது பதில் சொல்ல வேண்டியது செயலிக்காரர்தான். எது நடந்தது என்பதை யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையின் நிலை காட்டும். ‘வெற்றி’ என்றிருந்தால் பரிவர்த்தனை எண்ணுடன் செயலியின் உதவிப் பகுதியில் எழுதுங்கள். ‘நிலுவை’ அல்லது ‘தோல்வி’ என்றிருந்தால் வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் வங்கி தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். செயலிக்காரர் பதில் சொல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. 20 ரூபாய் டிக்கெட்டுக்கு யாரும் அங்கே ஏறப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் புகார்க் கடிதத்தில் ‘நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்’ என்ற வாசகத்தைச் சேர்த்துப் பாருங்கள், பதில் வருகிற வேகம் மாறும்.

ஒரு எச்சரிக்கை: வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி அழைக்காதீர்கள். தேடலில் மேலே வந்து நிற்பவற்றில் மோசடி எண்களும் உண்டு. எண்ணைச் செயலிக்குள்ளேயே பாருங்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930.

கேள்வி: பஸ் நேரம் காட்டும் செயலி ஒன்று, என் தொடர்பு எண்களையும் குறுஞ்செய்திகளையும் பார்க்க அனுமதி கேட்கிறது. கொடுக்கலாமா? – ஒரு மாணவர், குளச்சல்

பதில்: கூடாது. பஸ் எங்கே வருகிறது என்று சொல்ல உங்கள் அத்தையின் எண் எதற்கு? இருப்பிட அனுமதி மட்டும் போதும், அதையும் ‘செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்’ என்று வையுங்கள். மறுத்தால் இயங்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் வேறு செயலி பாருங்கள். வாட்ஸ்அப்பில் இணைப்பாக வருவதை நிறுவவே வேண்டாம்.

கேள்வி: மூத்த மகன் பெங்களூருவில், இளையவன் சென்னையில். இருவர் வீட்டுக்கும் போகிறேன். ஒரே செயலி போதுமா? எனக்குச் சாதாரண பட்டன் போன்தான் வசதி. – ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: வழி பார்க்க கூகுள் மேப்ஸ் இரு ஊரிலும் வரும். டிக்கெட் செயலிகளோ ஊருக்கு ஊர் வேறு. சென்னை ஒன் பெங்களூருவில் பயன்படாது, அங்கே மெட்ரோவுக்கும் மாநகர பஸ்ஸுக்கும் தனிச் செயலிகள். பட்டன் போன் வைத்திருக்கும் உங்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம், அட்டை வாங்குங்கள். சென்னையில் ‘சிங்கார சென்னை’ என்ற பெயரில் மெட்ரோ நிலையங்களில் கிடைப்பது தேசியப் பொதுப் போக்குவரத்து அட்டை வகையைச் சேர்ந்தது. சென்னை மெட்ரோவிலும், 2025 ஜனவரியிலிருந்து மாநகர பஸ்ஸிலும் செல்லும். பெங்களூரு மெட்ரோவும் இவ்வகை அட்டையை ஏற்கிறது. சார்ஜ் தீரும் பயமும் இல்லை. செயலியில் எடுத்த புறநகர் ரயில் டிக்கெட்டை, போன் அணைந்துபோனதால் காட்ட முடியாவிட்டால் டிக்கெட் இல்லாத பயணியாகத்தான் கருதுவார்கள்.

அட்டையின் குறை ஒன்றுதான். பயணப் பணம் அட்டைக்குள்ளேயே இருப்பதால், தொலைந்தால் அந்தத் தொகையும் போனதுபோலத்தான். ஒரு பயணத்துக்கு எவ்வளவு தேவையோ அதை மட்டும் அவ்வப்போது ஏற்றிக்கொள்ளுங்கள்.