அதிர்ந்தது குவாரியா, பூமியா?

கேள்வி: ஏற்காடு மலையடிவாரத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டி பக்கம் குடியிருக்கிறோம். மாதத்தில் நான்கைந்து முறை ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. உடனே வாட்ஸ்அப்பில் ‘நிலநடுக்கம்’ என்று செய்தி பரவுகிறது, கேட்டால் குவாரி வெடி என்கிறார்கள். பள்ளி அறிவியல் மன்றத்துக்கு வாங்கிய ராஸ்பெர்ரி ஷேக் என்ற சிறு நில அதிர்வுக் கருவி (தரை அசைவை உணரும் ஜியோபோன் ஒன்றே ஒன்று உள்ள மாடல்) என் வீட்டு முதல் மாடியில் இருக்கிறது. போன வாரம் இரண்டு பதிவுகள் கிடைத்தன. ஒன்று மதியம் 1.25 மணிக்கு: தரை அதிர்ந்து 7 விநாடி கழித்து ‘டம்’ என்று சத்தம். மற்றொன்று விடியற்காலை 4.50-க்கு: லேசான உறுமல், வரைபடத்தில் இரண்டு அலைத்தொகுப்புகள், இடைவெளி 4.5 விநாடி, இரண்டாவது மூன்று மடங்கு பெரியது. எது வெடி, எது நடுக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மதியம் வந்தது வெடி. விடியற்காலையில் வந்தது பெரும்பாலும் சிறு நிலநடுக்கம். எப்படிச் சொல்கிறோம் என்பதைப் பார்ப்போம். எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும் விதி உங்கள் வீட்டில் பாதிதான் வேலை செய்யும்.

அந்த விதி இது. வெடி பாறையை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெளியே தள்ளுகிறது. அதனால் நெருக்கி விரித்துப் போகும் பி அலை பலமாகக் கிளம்பும், பக்கவாட்டில் அசைக்கும் எஸ் அலை நோஞ்சானாக இருக்கும். நிலநடுக்கத்தில் பாறையின் ஒரு பக்கம் மறுபக்கத்தின் மேல் உரசி நழுவுவதால் எஸ் அலைதான் பெரிதாக வரும். அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டுபிடிக்க உலகம் நம்பியிருக்கும் அடிப்படைகளில் இது ஒன்று. சேலத்திலிருந்து சுமார் 230 கி.மீ. வடக்கே, கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் 1960-களிலிருந்து இயங்கும் நில அதிர்வுக் கருவி வரிசை இந்த வேலைக்காகவே அமைக்கப்பட்டது. 2017 செப்டம்பர் 3-ல் வட கொரியா அணுகுண்டு வெடித்தபோது பதிவான நில அதிர்வு அளவு 6.1. எட்டரை நிமிடம் கழித்து சுரங்கக் குழி சரிந்ததும் தனியாகப் பதிவானது. வெடியில் தரை முதலில் வெளிநோக்கித் தள்ளப்பட்டது, சரிவில் உள்நோக்கி இழுக்கப்பட்டது. இரண்டையும் பிரிக்க இந்த வித்தியாசம் உதவியது.

அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நின்று பார்ப்பவர்களின் வசதி. குவாரியிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டரில் இருப்பவருக்கு பி அலையும் எஸ் அலையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி வந்துவிடும். சேர்வராயன் மலையின் சார்னோகைட் போன்ற கெட்டிப் பாறையில் பி அலை விநாடிக்கு சுமார் 6 கி.மீ. ஓடும், எஸ் அலை சுமார் 3.5 கி.மீ. இரண்டுக்கும் உள்ள விநாடி இடைவெளியை 8-ஆல் பெருக்கினால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 2.4 கி.மீ. என்றால் இடைவெளி 0.3 விநாடிதான், கண்ணால் பிரிக்க முடியாது. போதாததற்கு வெடியே முழுக்க எஸ் அலை இல்லாமல் இருப்பதில்லை. குவாரி முகப்பு ஒரு பக்கம் திறந்திருக்கிறது, மேல் பாறை எழும்பி விழுகிறது, பி அலை தரைமட்டத்தில் மோதி எஸ் அலையாக மாறுகிறது. தாழ்ந்த அதிர்வெண்ணில் பார்த்தால் வெடியும் நடுக்கமும் ஒரே முகத்துடன்தான் தெரியும். பி, எஸ் உயரங்களை ஒப்பிட வேண்டுமானால் 8 ஹெர்ட்ஸுக்கு (விநாடிக்கு 8 அதிர்வு) மேல் உள்ளதை மட்டும் வடிகட்டிப் பாருங்கள்.

பக்கத்தில் இருப்பவருக்குக் காதும் கடிகாரமும்தான் முதல் கருவி. தரை அதிர்வு அரை விநாடிக்குள் வந்துவிடும், வெடிச்சத்தமோ காற்றில் விநாடிக்கு சுமார் 350 மீட்டர்தான் நகரும் (நம்மூர் மதிய வெயிலில் இந்த வேகம், குளிர்ந்த காலையில் 340). உங்கள் 7 விநாடியை 350-ஆல் பெருக்குங்கள்: 2,450 மீட்டர். கூகுள் மேப்பில் வீட்டைச் சுற்றி அந்த ஆரத்தில் வட்டம் போட்டால் எந்தக் குவாரி என்பதே தெரிந்துவிடும். முதலில் தரை, பிறகு தனியாக ஒரு ‘டம்’ என்றால் மேற்பரப்பு வெடி. நிலநடுக்கத்தில் சத்தம் காலடியிலிருந்து அதிர்வோடு சேர்ந்தே வரும், லாரி போவது மாதிரி உறுமும். கண்ணாடி மட்டும் அதிர்ந்து தரை அசையவே இல்லையா? காற்றழுத்தம்தான்: இடி, அல்லது ஒலிவேகத்தைத் தாண்டிய விமானம். 2020 மே 20-ல் பெங்களூரு முழுக்க அதிரவைத்து நிலநடுக்கமோ என்று பயமுறுத்தியது விமானப்படையின் சோதனைப் பறப்புதான்.

காது ஏமாற்றும் இடமும் உண்டு. காற்று எதிர்த்திசையில் வீசினால் சத்தம் வந்து சேராது. மார்கழிப் பனிக்காலையில் ஐந்து கிலோமீட்டர் தள்ளி நடந்ததும் பக்கத்தில் கேட்கும். அதனால் சத்தம் கேட்கவில்லை என்பதற்காக மட்டும் ‘நடுக்கம்’ என்று முடிவு கட்ட வேண்டாம்.

குவாரி வெடிக்கு இன்னொரு கையெழுத்து இருக்கிறது. முப்பது நாற்பது குழிகளை ஒரே நொடியில் வெடிப்பதில்லை, 17, 25, 42 மில்லி விநாடி என்று டிலே வைத்து வரிசையாக வெடிப்பார்கள். ஒரே இடைவெளியில் விழும் அடிகள் ஸ்பெக்ட்ரோகிராமில் (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் பலமாக இருந்தது என்று காட்டும் படம்) சீப்பின் பற்கள் போலப் படுக்கைக் கோடுகளாகத் தெரியும். 42 மில்லி விநாடி டிலே என்றால் 24 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்கிலும் கோடு, 25 என்றால் 40 ஹெர்ட்ஸில். உங்கள் கருவி விநாடிக்கு 100 மாதிரி எடுப்பதால் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் காட்டாது. 17 மில்லி விநாடி டிலேயின் கோடு 59-ல் விழும், அது உங்களுக்குத் தெரியாது. கோடு இல்லாததால் வெடி இல்லை என்று ஆகாது.

இங்கே பலரும் விழும் பள்ளம் ஒன்று: ஊரில் ஓடும் கிணற்று மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று, அதாவது 24 ஹெர்ட்ஸ். 42 மில்லி விநாடி டிலேயின் கோடு விழும் அதே இடம்! வித்தியாசம் என்னவென்றால், மோட்டார் கோடு அதிர்வுக்கு முன்பும் பின்பும் நீண்டுகொண்டே இருக்கும், வெடியின் கோடு அதிர்வு இருக்கும் அந்த ஓரிரு விநாடிக்குள் பிறந்து மடியும்.

கருவியை மாடியிலிருந்து முதலில் இறக்குங்கள். கட்டடமே தன் அதிர்வெண்ணில் ஊசலாடி, நிலத்தில் இல்லாத கோட்டை வரைந்து கொடுக்கும். தரைத்தளத்தில், மண்ணோடு ஒட்டிய கான்கிரீட் மேல், சுவர் மூலையில், கருவியின் மட்டக் குமிழ் நடுவில் நிற்கும்படி வையுங்கள். தரைவிரிப்பு, மேஜை வேண்டாம். விசைத்தறி ஓடும் வீட்டுப் பக்கச் சுவரும் வேண்டாம். நேரம் இணையத்தோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். குவாரிப் பதிவேட்டோடு ஒப்பிடும்போது ஒரு நிமிடப் பிசகே போதும், எல்லா உழைப்பும் வீண்.

இனி விடியற்காலைப் பதிவு. 4.5 விநாடி என்றால் சுமார் 36 கி.மீ. மேட்டூருக்கும் சங்ககிரிக்கும் சற்று இப்பால் ஓடும் ஒரு வட்டம். ஒற்றைக் கருவி திசை சொல்லாது. அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் உண்டு என்றாலும், பொழுது விடியுமுன் வெடி வைப்பதில்லை. நேரத்தை விடப் பெரிய சாட்சி அலையின் உருவம். உங்கள் கருவியில் இருக்கும் ஒரே ஜியோபோன் மேல்கீழ் அசைவை மட்டும் அளக்கிறது. எஸ் அலை பெரும்பாலும் கிடைமட்டமாக அசைக்கும், ஆகவே இந்த மாடலில் அது இருப்பதை விடச் சிறியதாகவே தெரியும். நல்ல நிலநடுக்கத்தைக் கூட இந்தக் கருவி வெடி போலக் காட்டிவிடக்கூடும். அப்படிப்பட்ட கருவியிலேயே எஸ் மூன்று மடங்கு பெரிதாக வந்திருக்கிறது. வெடிக்கு அது மிகவும் அபூர்வம்.

இன்னொன்றும் பாருங்கள்: பதிவின் வால் பகுதியில், எஸ் அலைக்குப் பிறகு 0.5 முதல் 2 ஹெர்ட்ஸ் வரை நிதானமாக உருளும் அலை இருக்கிறதா? வெடியோ நடுக்கமோ, மேற்பரப்புக்கு மிக அருகில் நிகழ்ந்தது மட்டுமே அதைப் பலமாக எழுப்பும். இருந்தால் ஆழம் மிகக் குறைவு. இல்லை என்றால் ஆழமானது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் ஆயிரம் மீட்டருக்கு மேல் எழும் சேர்வராயன் மலை குறுக்கே நின்றால் அந்த அலை சிதறிப்போகும்.

குவாரிக்காரர்கள் மேல் எல்லாப் பழியையும் போடுவதற்கு முன் ஒரு கணக்கு. 2018 ஜூலை 22, ஞாயிறு காலை சேலம், தருமபுரியில் உணரப்பட்ட அதிர்வின் அளவு 3.3. கெட்டிப் பாறைக்குள் முழுதாக அடைத்து ஒரே நொடியில் வெடித்தாலும் அந்த அளவுக்குச் சுமார் 30 டன் வெடிமருந்து வேண்டும். டிலே வைத்து, திறந்த முகப்பில் வெடிப்பதற்கு அதைவிடப் பல மடங்கு. நம் பக்கத்துக் குவாரிகளின் வெடி அந்த அளவில் இல்லை. சேலம் இந்திய தர நிர்ணய அமைப்பின் நிலநடுக்க வரைபடத்தில் மூன்றாம் மண்டலத்தில் (மிதமான அபாயம்) வந்தது என்பதையும் நினைவில் வையுங்கள், நடுக்கம் இங்கே வராத விஷயம் இல்லை.

சுவர் விரிசலுக்காகப் புகார் தருவதாக இருந்தால் ரிக்டர் அளவு உதவாது. அங்கே அதிர்வின் வேகம்தான் பேசும். சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் வரம்பின்படி குடியிருப்பு வீட்டில் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே விநாடிக்கு 5 மி.மீ., 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15. விநாடிக்கு ஒரு மி.மீ. வேகத்தில் அதிர்ந்தாலே நமக்குத் தூக்கிவாரிப் போடும், சுவருக்கு அது ஒன்றுமில்லை. விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டி, அதன் மேல் தேதி எழுதுங்கள். வெடி நாளில் கண்ணாடி உடைந்தால் அந்த விநாடியின் பதிவோடு கனிமவளத் துறை அலுவலகத்துக்குப் போகலாம். வெடி இல்லாத வாரத்தில், மழைக்குப் பிறகு உடைந்தால் அஸ்திவார மண்ணைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

விடியற்காலைப் பதிவைத் தேசிய நில அதிர்வு மையத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவ்வளவு சிறியது அதில் இல்லாமல் போக வாய்ப்பு அதிகம். அப்படியானால் 100 கி.மீ. சுற்றளவில் வேறு யாரிடமாவது இதே கருவி இருக்கிறதா என்று ராஸ்பெர்ரி ஷேக் வரைபடத்தில் தேடுங்கள். இன்னும் இரண்டு வட்டம் கிடைத்தால் மூன்றும் வெட்டும் இடம் தெரியும், அங்கே குவாரி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.