ஐட்டில் முதல் எஸ்ஆர்இ வரை: ஐடி சேவை மேலாண்மை கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். ஐடி சேவைக்கான நல்ல நடைமுறைகளின் தொகுப்பான ஐட்டிலில் (ITIL) வி2, வி3, 4 என்று ஆளுக்கொரு பதிப்பைச் சொல்கிறார்கள். எதிலிருந்து எது வந்தது?

பதில்: தொடக்கம் பிரிட்டன். அரசுத் துறைகளில் கணினிக்குச் செலவழித்த பணத்துக்கேற்ற சேவை கிடைக்காததால், சிசிடிஏ என்ற அரசு முகமை நல்ல நடைமுறைகளைத் தொகுத்தது. 1989 முதல் முப்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் வந்தன. 2000-01இல் வி2 அதைச் சுருக்கியது. இன்சிடென்ட் (சேவைத் தடங்கல்), பிராப்ளம் (தடங்கலின் மூலகாரணம்), சேஞ்ச் (மாற்றம்) என்று, புகார்களையும் கோரிக்கைகளையும் பதியும் டிக்கெட் கருவிகளில் இன்றும் நாம் பார்க்கும் பிரிவுகள் உலகமெங்கும் பரவியது அந்தப் பதிப்பால்தான். 2007இன் வி3 சேவையின் வாழ்க்கைச் சுழற்சியை ஐந்து நூல்களில் சொன்னது. 2011 திருத்தத்தில் 26 பிராசஸ்கள். 2019இல் ஐட்டில் 4 வந்தபோது அவை 34 பிராக்டிஸ்கள் ஆயின.

கேள்வி: அப்போ பழைய பிராசஸ்களைத் தூக்கிப் போட்டுவிடலாமா அண்ணா?

பதில்: வேண்டாம். பிராசஸ் என்பது படிகள் மட்டும். பிராக்டிஸில் ஆள், திறன், கருவி, வெளி ஒப்பந்ததாரர் எல்லாம் சேர்த்தி. உங்கள் இன்சிடென்ட் படிகள் அப்படியே இருக்கட்டும். டிக்கெட் எங்கே காத்துக் கிடக்கிறது என்று மட்டும் அளந்து பாருங்கள். பெரும்பாலும் முதல்நிலை உதவிக் குழுவான எல்1இலிருந்து அடுத்த நிலைக் குழுவான எல்2க்குக் கைமாறும் இடத்தில்தான் நேரம் போகும்.

கேள்வி: மாற்றங்களைப் பரிசீலிக்கும் குழுவான எங்கள் சிஏபியின் கூட்டம் வாரம் ஒருமுறை, இரண்டு மணி நேரம். அப்படியும் பாதி சேஞ்ச் எமர்ஜென்சியாகவே வருகிறது. என்ன செய்வது?

பதில்: இரண்டும் ஒரே நோய். கூட்டத்துக்குக் காத்திருக்க முடியாதவர்கள் எமர்ஜென்சி வழியில் நுழைகிறார்கள். கடந்த மூன்று மாத சேஞ்ச் பட்டியலை எடுத்து வகைவாரியாகப் பிரியுங்கள். சான்றிதழ் புதுப்பித்தல், டிஸ்க் அளவைக் கூட்டுதல் போல அடிக்கடி வருவது, ஒருமுறைகூடத் தோற்காதது, ரோல்பேக் (பழைய நிலைக்குத் திரும்பும்) படிகள் எழுதப்பட்டிருப்பது: இம்மூன்றும் பொருந்தினால் அது ஸ்டாண்டர்டு சேஞ்ச். அந்த வகைக்கு ஒருமுறை ஒப்புதல் வாங்கினால் போதும், பிறகு ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டாம். ஆனால் பதிவு கட்டாயம். பதிவில்லாவிட்டால் ஆடிட்டில் மாட்டுவீர்கள். ஒருமுறை தோற்றாலும் அந்த வகையை நார்மலுக்கு (ஒவ்வொரு தடவையும் ஒப்புதல் கேட்கும் வகைக்கு) திருப்பிவிட்டுக் காரணத்தைச் சரிசெய்யுங்கள்.

நார்மலிலும் ரிஸ்க் குறைந்ததை அந்தக் குழுவின் லீடே பார்க்கட்டும். பல சேவைகளைத் தொடுவது மட்டும் சிஏபிக்கு வரட்டும். ஒவ்வொரு எமர்ஜென்சியையும் முடிந்தபின் ஒரு கேள்வி கேளுங்கள்: சேவை உண்மையிலேயே விழுந்திருந்ததா, அல்லது கடைசித் தேதியைத் தவறவிட்டார்களா? இதைக் கேட்காத இடத்தில் எண்ணிக்கை குறையவே குறையாது. ஐட்டில் 4உம் வகைக்கேற்ப ஒப்புதல் தருபவர் மாறலாம் என்றே சொல்கிறது. எல்லாமே சிஏபிக்குப் போகட்டும் என்பது நம் அலுவலகங்களின் பழக்கம், ஐட்டில் போட்ட விதி அல்ல.

கேள்வி: எங்கள் நிறுவனத்துக்கு ஐட்டில் சான்றிதழ் வாங்க வேண்டும் என்கிறார் மேலாளர்.

பதில்: ஐட்டில் தேர்வுகள் தனிநபருக்கு. நிறுவனம் தணிக்கைக்கு உட்பட்டு வாங்குவது ஐடி சேவை மேலாண்மைத் தரமான ஐஎஸ்ஓ 20000-1. 2000இல் வந்த பிஎஸ் 15000 என்ற பிரிட்டிஷ் தரமே 2005இல் ஐஎஸ்ஓ ஆனது, 2018இல் திருத்தப்பட்டது.

கேள்வி: எஸ்ஆர்இ (சேவையின் நம்பகத்தன்மையை மென்பொருள் பொறியியல் வழியில் பேணும் முறை) வந்தபின் இதெல்லாம் தேவையா?

பதில்: தேவை. கூகுளில் 2003இல் தொடங்கிய எஸ்ஆர்இ, எஸ்எல்ஏவில் (சேவைத்தர ஒப்பந்தத்தில்) இல்லாத ஒன்றைத் தந்தது: எரர் பட்ஜெட். 99.9% இலக்கு என்றால் 30 நாளில் 43 நிமிடம் சேவை விழலாம். அது தீர்ந்துவிட்டால் புதிய வெளியீட்டை நிறுத்தி நிலைத்தன்மையைக் கவனிக்க வேண்டும். எப்போது நிறுத்துவது என்ற சண்டையை இந்த எண் தீர்த்துவைக்கிறது. ஆனால் லேப்டாப் கோரிக்கை, லைசென்ஸ், வெண்டர் ஒப்பந்தம் எதையும் எஸ்ஆர்இ பார்க்காது.

கேள்வி: எங்கள் சிஎம்டிபி (சர்வர், மென்பொருள், அவற்றின் தொடர்புகள் பதிந்த தரவுத்தளம்) எப்போதும் பழசாகவே இருக்கிறது சார்.

பதில்: எல்லாவற்றையும் ஏற்றியிருப்பீர்கள். முக்கியமான இரண்டு சேவைகளை மட்டும் எடுத்து, அப்ளிகேஷன், டேட்டாபேஸ், சர்வர் என்று தொடர்பை வரையுங்கள். டிஸ்கவரி கருவி சர்வரைக் கண்டுபிடிக்கும். அதன் பொறுப்பாளர் யார் என்பதைக் கண்டுபிடிக்காது, அதை நீங்கள்தான் கேட்டு எழுத வேண்டும். சிஎம்டிபியில் திருத்தம் செய்யாமல் சேஞ்ச் டிக்கெட்டை மூட முடியாதபடி கருவியில் அமைத்துவிடுங்கள். மாதம் பத்துப் பதிவுகளை எடுத்து நேரில் ஒப்பிட்டாலே எங்கே தவறுகிறது என்று தெரிந்துவிடும்.