ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கு வீக்கெண்ட் நீட் கிளாஸா? செயின அடகு வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

கம்பத்துல இருந்து ஒரு குடும்பம் வந்திருந்தாங்க. அப்பா ஏலக்கா கடைல தரம் பிரிக்கிற இடத்துல சூப்பர்வைசர், பொண்ணு கவர்மெண்ட் ஸ்கூல்ல ஒன்பதாவது, தமிழ் மீடியம். கேரளாவுல கட்டப்பனைல தோட்டம் வச்சிருக்க தாய்மாமன் தன் பையன அங்க பாலாங்கிற ஊர்ல என்ட்ரன்ஸ் கோச்சிங்ல சேத்துட்டாராம், அதுலருந்து இவங்களுக்கு ஓயாம போன். "பிள்ளைய இப்பவே சனி ஞாயிறு நீட் ஃபவுண்டேஷன் கிளாஸ்ல போட்ருங்க, பத்தாவது முடிஞ்சதும் இங்கயே ஸ்கூல மாத்திக்கலாம், பெறகு டாக்டர் சீட்டு தானா வரும்"னு. அப்பாவுக்கு தூக்கமே இல்ல. "எல்லாரும் சேக்குறாக சார், நாம சேக்கலைன்னா பிள்ளை பின்னாடி போயிருமா?"

ஒண்ணும் ஆகாதுண்ணே, பதட்டப்படாதீங்கன்னு தான் ஆரம்பிச்சேன். அப்புறம் அவர் பைக்குள்ள இருந்து ஃபீஸ் நோட்டீஸ எடுத்து வச்சாரு. வருஷத்துக்கு 58,000, சனிக்கிழமை ராத்திரி தங்குறதுக்கும் சாப்பாட்டுக்கும் தனி. இதுக்கு அம்மாவோட செயின அடகு வைக்கிறதா முடிவு பண்ணிட்டாங்களாம். அதுக்கு மேல எனக்கு ஆறுதல் சொல்ல வரல. அண்ணே, இத செய்யாதீங்கன்னு நேராவே சொல்லிட்டேன், ஏன்னு இங்கயும் எழுதுறேன், ஏன்னா இந்த சீசன்ல இதே கேள்விய கூடலூர்லருந்தும் போடிலருந்தும் எத்தனையோ பேர் கேக்குறாங்க.

முதல்ல பஸ்ஸ பாருங்க. கம்பத்துல ஏறி குமுளி, அங்கருந்து குட்டிக்கானம், முண்டக்கயம்னு மலை இறங்கி பாலா போய் சேர ஒரு வழிக்கு நாலு மணி நேரம் பக்கம் ஆகும். மழைக்காலத்துல கேக்கவே வேணாம். வெள்ளிக்கிழமை ஸ்கூல் விட்டு வந்த பிள்ளை விடிகாலைல பஸ் ஏறி, ஞாயித்துக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்து, திங்கக்கிழமை காலைல முதல் பீரியட்ல கண்ண திறந்து வச்சு உக்காரணும். இது ரெண்டு வருஷத்துக்கு.

சரி, அப்படி போய் என்ன படிக்கும்? நீட்டோட சிலபஸ் பதினொண்ணு பன்னெண்டாவது பாடம். 180 கேள்வி, 720 மார்க், அதுல பாதி பயாலஜி. ஒன்பதாவதுல உக்காந்து அந்த பாடத்த அரைகுறையா கேட்டுட்டு வந்தா பிளஸ் ஒன்ல அதையே மறுபடி காசு குடுத்து கேக்கணும். நாத்து விடுறதுக்கு முன்னாடியே அறுப்புக்கு ஆள் பேசி அட்வான்ஸ் குடுக்குற கதை தான். இன்னொண்ணு, மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரில கோச்சிங் சென்டர்களுக்கு ஒரு வழிகாட்டுதல் போட்டாங்க. 16 வயசு ஆகாத பிள்ளைய சேக்கக்கூடாது, பத்தாவது பரிச்சை முடிச்ச பிறகு தான் சேக்கணும், ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல கிளாஸ் கூடாது, நடுவுல நின்னா மீதி பீஸ திருப்பிக் குடுக்கணும்னு எல்லாம் அதுல இருக்கு. நடைமுறைப்படுத்த வேண்டியது மாநிலங்கள், அது எவ்வளவு தூரம் நடக்குதுன்னு நமக்கு தெரியாததா, ஆனா 14 வயசு பிள்ளைக்கு நோட்டீஸ் நீட்டுற ஆள்கிட்ட இத ஒரு தடவ கேட்டு பாருங்க, பதில் எப்படி வருதுன்னு.

மாமா சொன்னதுல ரொம்ப ஆபத்தானது அந்த ஸ்கூல மாத்துற யோசனை தான். உங்க பொண்ணு ஆறாவதுல இருந்து அரசுப் பள்ளி. பன்னெண்டாவது வரைக்கும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிலயே முடிச்சா மெடிக்கல்ல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு, 2021ல இருந்து இன்ஜினியரிங், அக்ரி, வெட்னரி, சட்டம் எல்லாத்துக்கும் இருக்கு, அதுல சீட் கிடைச்சா பீஸ அரசாங்கமே கட்டுது. காலேஜ் சேந்தா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய். பிளஸ் ஒன்ல பாலாவுக்கு மாத்துனா அந்த ஒதுக்கீடு அத்தோட போச்சு, அந்த ஆயிரமும் போச்சு. டாக்டர் ஆகணும்னு சொல்லி டாக்டர் சீட்டுக்கு இருக்குற நல்ல வழியவே அடைக்கிறதுக்கு 58,000 கட்டணுமா? மாமா பாசத்துல தான் சொல்றாரு, ஆனா அவர் பையன் படிச்சது அங்க தனியார் பள்ளில, அவருக்கு இந்த கணக்கு தெரிய வாய்ப்பே இல்ல.

இவ்வளவும் பேசுற வரைக்கும் அந்த பொண்ணு வாயே திறக்கல. என்னம்மா பிடிக்கும்னு கேட்டா அம்மா தான் பதில் சொல்றாங்க, "சயின்ஸ் நல்லா படிப்பா சார்". பொண்ணு மெல்ல, கணக்கு, அப்படின்னா. நீட்ல கணக்கே கிடையாதுண்ணே, அது தெரியுமான்னு அப்பாவ கேட்டேன், தெரியல.

ஒரு பேப்பர குடுத்து ஒரு கேள்வி போட்டேன். உங்கப்பா கடைல பழைய தட்டுத் தராசு இருக்கும்ல, அதுல நாலே நாலு எடைக்கல்ல வச்சு 1 கிலோல இருந்து 40 கிலோ வரைக்கும் எந்த முழு கிலோவையும் நிறுக்கணும், கல்ல ரெண்டு தட்டுலயும் வைக்கலாம், நாலு கல்லும் என்னென்ன எடை? நாங்க பீஸ பத்தி பேசிட்டு இருந்தோம், அது குனிஞ்சு எழுதிட்டே இருந்துச்சு. முதல்ல 1, 2, 4, 8னு போட்டு 15ல நின்னுருச்சு. அடிச்சுட்டு, 1ம் 3ம் வச்சா 2 கிலோவ சரக்கு பக்கம் ஒரு கல்ல போட்டு நிறுத்துரலாம்னு கண்டுபிடிச்சு, அப்புறம் 9. மூணு கல்லுல 13 வரைக்கும் வருது, அப்ப அடுத்த கல்லு 14அ நிறுக்கணும்னா 13 எதிர்ல போனாலும் 14 மிச்சம் இருக்கணும், அதனால 27, அப்படின்னு அதுவா சொல்லுச்சு. யாரும் சொல்லித் தரல. அப்பா பேப்பர வாங்கி 20 கிலோவுக்கு சரிபார்த்தாரு, ஒரு பக்கம் 27ம் 3ம், சரக்கு பக்கம் 9ம் 1ம், சரியா வருது. இந்த மாதிரி பிள்ளைக்கு வீக்கெண்ட்ல என்ன வேணும்னு நான் தனியா சொல்லணுமா?

ஐஓக்யூஎம்னு ஒரு பரிச்சை இருக்கு, இந்திய கணித ஒலிம்பியாடோட முதல் படி. கணித ஆசிரியர் சங்கமான எம்டிஏஐ நடத்துது, மும்பைல இருக்குற ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தோட சேந்த ஏற்பாடு. எட்டாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் எழுதலாம். 3 மணி நேரம், 30 கேள்வி, 2 மார்க் பத்து, 3 மார்க் பத்து, 5 மார்க் பத்து, மொத்தம் 100. ஆப்ஷன் கிடையாது, விடை 0ல இருந்து 99க்குள்ள ஒரு முழு எண், அத ஓஎம்ஆர்ல நிரப்பணும், அதனால குருட்டாம்போக்குல டிக் அடிக்கிறதுக்கே வழியில்ல. கால்குலஸ் எதுவும் வராது. எண் கணிதம், அல்ஜீப்ரா, ஜியோமெட்ரி, எத்தனை வழில அடுக்கலாம்ங்கிற கணக்கு, இவ்வளவு தான். பரிச்சை பெரும்பாலும் செப்டம்பர் பக்கம், பதிவுக்கு ஜூன் ஜூலைல இருந்தே கண்ணு வச்சுக்கணும். கட்டணம் சில நூறு ரூபாய் தான். பழைய கேள்வித்தாள் ஹோமி பாபா மையத்தோட வெப்சைட்ல சும்மாவே கிடக்கு, ஜெராக்ஸ் கடைல பிரிண்ட் எடுத்தா போதும்.

இதுக்கு முன்னாடி ஒரு ஒத்திகை வேணும்னா சென்னைல 1965ல ஆரம்பிச்ச ஏஎம்டிஐ, இது வேற ஒரு கணித ஆசிரியர் சங்கம், அவங்க நடத்துற என்எம்டிசிங்கிற கணக்குப் போட்டி இருக்கு, ஒன்பதாவது பத்தாவது பிள்ளைங்களுக்கு தனி லெவல்.

இன்னொரு விஷயம் நிறைய பேருக்கு தெரியாது, நம்ம தமிழ்நாட்டு பத்தாவது கணக்கு புக்குல ரெண்டாவது பாடத்துல மட்டு எண்கணிதம், அதாவது வகுத்து வர்ற மீதிய வச்சு போடுற கணக்கு, இருக்கு. இன்னைக்கு வெள்ளிக்கிழமைன்னா 1000 நாள் கழிச்சு என்ன கிழமை, 1000த்த 7ஆல வகுத்தா மீதி 6, அப்ப வியாழன், இந்த மாதிரி. ஒலிம்பியாட்ல எண் கணிதம் முக்கால்வாசி இந்த கருவிய வச்சு தான் ஓடும். கிளாஸ்ல ரெண்டு மார்க்குன்னு வேகமா ஓட்டிருவாங்க, நீங்க அத லீவுலயே எடுத்து மெதுவா போடச் சொல்லுங்க.

சனிக்கிழமை காலைல ரெண்டு மணி நேரம் போதும்ணே. கணக்குல ஆசை இருக்க இன்னும் மூணு நாலு பிள்ளைங்கள ஸ்கூல்லருந்து சேத்துக்கங்க, ரிட்டயர்ட் ஆன கணக்கு சார் ஒருத்தர் இல்லாத ஊரா நம்ம ஊரு, டீ வடைக்கே வந்து உக்காருவாரு. அவர்கிட்ட ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லிருங்க, விடைய சொல்லக்கூடாது. ஒரு நாளைக்கு அஞ்சு கணக்கு, அதுல ஒண்ணு வராமலே போனாலும் பரவால்ல, ஆனா வராத கணக்குக்கு என்னென்ன முயற்சி பண்ணுச்சுன்னு நோட்ல இருக்கணும். கேள்வித்தாள் தமிழ்ல வராது, அது ஒரு சிக்கல் தான். ஆனா கேள்வில திரும்பத் திரும்ப வர்ற இங்கிலீஷ் வார்த்தை கொஞ்சம் தான், நோட்டோட கடைசி பக்கத்துல எழுதிட்டே வந்தா சில மாசத்துல பழகிரும். ஞாயித்துக்கிழமை பிள்ளைய சும்மா விடுங்க.

ஐஓக்யூஎம்ல பாஸ் பண்ணி அடுத்த கட்டமான ஆர்எம்ஓ, அதாவது வட்டார கணித ஒலிம்பியாட், போறது கஷ்டம், எழுதுறவங்கள்ல பெரும்பாலானவங்க போக மாட்டாங்க, அதுக்காக திட்டுறதா இருந்தா இதுலயும் சேக்காதீங்க. ஆனா ரெண்டு மூணு வருஷம் இப்படி பழகுன பிள்ளைக்கு சிறுசேரில இருக்குற சென்னை கணிதவியல் நிறுவனத்தோட பிஎஸ்சி நுழைவுத் தேர்வு, பெங்களூர் ஐஎஸ்ஐல, அதாவது இந்திய புள்ளியியல் நிறுவனத்துல, பிமேத்ங்கிற கணக்கு டிகிரி இதெல்லாம் எட்டுற தூரத்துக்கு வந்துரும், ரெண்டுலயும் எழுத்துத் தேர்வு கணக்குல மட்டும் தான். பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி கேக்க மாட்டாங்க. இன்ஜினியரிங் பக்கம் போனாலும் இந்த பழக்கம் வீணாகாது.

நடுவுல மனசு மாறி டாக்டர் தான் ஆகணும்னு பொண்ணே கேட்டா? கேக்கட்டும். பிளஸ் ஒன்ல அதே அரசுப் பள்ளில கணக்கும் பயாலஜியும் சேந்து வர்ற ஃபர்ஸ்ட் குரூப் எடுக்க சொல்லுங்க, ரெண்டு கதவும் திறந்தே இருக்கும், 7.5ம் கையில இருக்கும், நீட்டுக்கு அப்ப படிச்சா போதும். மாமா திரும்ப போன் பண்ணா நீங்க பேசாதீங்க, பொண்ணுகிட்ட குடுங்க, அந்த எடைக்கல் கணக்க அவருக்கு அது போடட்டும். செயின மட்டும் பீரோவ விட்டு வெளிய எடுக்காதீங்க.