பினாங்கிலிருந்து வின்னிபெக் செல்பவருக்கு ஒரு தடித்த குளிர்ச்சட்டை போதுமா?

ஜனவரியில் கனடாவின் வின்னிபெக் நகருக்குப் படிக்கச் செல்லும் தம்பிக்குத் தடித்த குளிர்ச்சட்டை ஒன்று போதுமா என்று பினாங்கு அன்பர் கேட்டிருக்கிறார், போதாது. கேமரன் மலையின் 15 பாகை செல்சியஸ் குளிரையே பெரிதாகப் பேசும் நமக்கு, இரவில் சுழியத்திற்குக் கீழே 20 பாகை வரை சர்வ சாதாரணமாக இறங்கும் ஊரைக் கற்பனை செய்வதே கடினம். உடற்சூட்டைக் காப்பது துணியின் கனத்தைவிட, அடுக்குகளுக்கிடையே சிக்கி அசையாது நிற்கும் காற்றுதான். நம் வெயிலுக்கு உகந்த பருத்திப் பனியன் அங்கே பகையாகும். அது வியர்வையை உறிஞ்சி, ஈரம் உலராமல் உடலைக் குளிரச் செய்துவிடும். ஆகவே உள்ளே மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர், நடுவே ஸ்வெட்டர், வெளியே காற்றுப் புகாத மேலங்கி என மூன்று அடுக்குகளாக உடுத்த வேண்டும். காலணி சற்றுத் தளர்வாகவே இருக்கட்டும். இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் மரத்துப்போகும்.