தளங்களைத் தடுக்கும் இலவச மென்பொருள் போட்டாலும் கொஞ்ச நேரத்தில் நானே எடுத்துவிடுகிறேன். உருப்படியாக ஏதாவது உண்டா?

உண்டு. ஆனால் பதினைந்து பெயர்களை வரிசையாகக் கொட்டப் போவதில்லை. அந்தப் பட்டியல்கள் தேடினாலே கிடைக்கும். நான் நாள்தோறும் பயன்படுத்துவதை மட்டும் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. இங்கே முதல் பதிலாக "மன உறுதி இருந்தால் மென்பொருளே வேண்டாம்" என்று ஒருவர் எழுதி, அதற்கு ஏகப்பட்ட ஆதரவு வாக்கும் விழுந்திருக்கிறது. நான் எழுத உட்கார்ந்ததே அதைப் பார்த்த எரிச்சலில்தான். வீடியோக்களுக்கு சப்டைட்டில் எழுதுவது என் தொழில். யூடியூபைத் திறக்காமல் எனக்கு வேலை ஓடாது. திறந்தால் வலப்பக்கம் முழுக்க அடுத்தடுத்த வீடியோக்கள் வந்து நிற்கும். எதை வைத்தால் நான் தொடுவேன் என்று கணக்குப் போடுவதற்கென்றே சம்பளம் வாங்கும் பொறியாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் படை திரட்டி வரலாம், நான் மட்டும் வெறுங்கையோடு மன உறுதியை வைத்துக்கொண்டு நிற்க வேண்டுமாம். நல்ல நியாயம்.

நீங்கள் படிப்பவரா வேலை பார்ப்பவரா என்று சொல்லவில்லை. போட்டதை நீங்களே எடுத்துவிடுகிறீர்கள் என்றால், தளத்தை முழுசாக மூடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நடுவில் உண்மையாகவே ஒரு பாடமோ விளக்க வீடியோவோ தேவைப்பட்டிருக்கும். அதற்காகத் திறந்திருப்பீர்கள். திறந்தது திறந்தபடியே கிடந்திருக்கும். முழுத் தடை பெரும்பாலும் இப்படித்தான் உடைகிறது, சோம்பலால் அல்ல. அதனால் தளத்தை விட்டுவிட்டு, தளத்துக்குள் உங்களை இழுக்கும் பகுதியை மட்டும் வெட்டுங்கள்.

நான் அதை யுபிளாக் ஆரிஜின் என்ற நீட்டிப்பு (உலாவியில் சேர்த்துக்கொள்ளும் குட்டி மென்பொருள்) வைத்துச் செய்தேன். விளம்பரத் தடுப்பான் என்றுதான் அதைப் பலருக்கும் தெரியும். அதன் சின்ன ஜன்னலைத் திறந்தால் கீழே மின்னல் படம் ஒன்றும், சொட்டு மருந்துக் குழாய் போன்ற படம் ஒன்றும் இருக்கும். மின்னலை அழுத்தி மறைப்பது தற்காலிகம், பக்கம் மறுபடி லோட் ஆனால் எல்லாம் திரும்பிவிடும். குழாயை அழுத்தி, வேண்டாத பகுதியைத் தொட்டு, 'உருவாக்கு' கொடுத்தால் அது ஒரு விதியாகச் சேமிக்கப்பட்டு மறைந்தே இருக்கும். வலப்பக்கப் பரிந்துரை வரிசை, ஷார்ட்ஸ் வரிசை, கருத்துப் பெட்டி, வீடியோ முடியும்போது மேலே வந்து உட்காரும் கட்டங்கள் எல்லாவற்றையும் இப்படித்தான் தூக்கினேன். இப்போது என் திரையில் வீடியோவும் தேடல் பெட்டியும் மட்டும்தான். ஒரு பேராசிரியரின் ஒரு மணி நேர உரைக்கு முழுசாக சப்டைட்டில் போட்டு முடித்தேன், நடுவே வேறெங்கும் போகவில்லை. போக அங்கே கதவே இல்லையே! தளம் வடிவத்தை மாற்றும்போது மறைத்தது மறுபடி தலைகாட்டும். திரும்பக் குழாயை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். நான் ஃபயர்பாக்ஸ் வைத்திருக்கிறேன். குரோம் பழைய வகை நீட்டிப்புகளை நிறுத்திவிட்டதால் அங்கே இதன் லைட் பதிப்புதான் ஓடும்.

முகப்புப் பக்கத்துக்கு மென்பொருளே தேவையில்லை. யூடியூப் அமைப்புகளில் பார்த்த வரலாற்றை அணைத்து, பழையதையும் அழித்துவிடுங்கள். 2023 ஆகஸ்டிலிருந்து, வரலாறு இல்லாதவர்களுக்கு முகப்பில் பரிந்துரைகள் வருவதில்லை.

செய்தித் தளம், சமூக வலைத்தளம் போன்றவற்றுக்கு லீச்பிளாக் என்ஜி என்ற இன்னொரு நீட்டிப்பு. தளங்களைக் குழுக் குழுவாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி விதி வைக்கலாம். என் முதல் குழு 0900-1300, 1400-1800 என்று எழுதிய நேரங்களில் திறக்கவே திறக்காது. இரண்டாவது குழு திறக்கும், ஆனால் முதலில் ஒரு காத்திருப்புப் பக்கம் வந்து விநாடிகள் இறங்க வேண்டும். முழுத் தடையைவிட இந்தக் காத்திருப்புதான் எனக்கு அதிகம் வேலை செய்கிறது. எதைப் பார்க்க வந்தேன் என்று யோசிக்க அந்த நேரம் போதும், பாதிக்கு மேல் பதிலே கிடைக்காமல் டேபை மூடிவிடுகிறேன். தடை நேரத்தில் அமைப்புப் பக்கத்தையும் பூட்டி வைக்கலாம். அல்லது நீளமான ஒரு தாறுமாறான குறியீட்டைத் தட்டச்சு செய்தால்தான் அமைப்பு திறக்கும்படி வைக்கலாம். அதை ஒழுங்காக அடித்து முடிக்கும் பொறுமை உள்ளவருக்குக் கவனச்சிதறலே இருக்காது.

"நீட்டிப்பையே நீக்கிவிடலாமே" என்று யாராவது கீழே வந்து நிற்பார். நீக்கலாம்தான். அதற்கும் ஒரு படி கீழே, தளப் பெயருக்கு எந்த முகவரி என்று கணினி பார்த்துக்கொள்ளும் ஹோஸ்ட்ஸ் கோப்பு இருக்கிறது. அதில் 0.0.0.0 என்று போட்டு இடைவெளி விட்டுத் தளப் பெயரை எழுதினால், எந்த உலாவியில் தேடினாலும் கணினி அந்தத் தளத்துக்கு வழி காட்டாது. மொத்தத்தையும் பிடிக்கும் நட்சத்திரக் குறி அதில் செல்லாது. முன்னால் மூன்று டபிள்யூ உள்ளது, இல்லாதது, மொபைல் பதிப்பு எல்லாவற்றையும் தனித்தனி வரியாக எழுத வேண்டும். அதைத் திருத்த நிர்வாகி கடவுச்சொல் வேண்டும். என்னுடையது தங்கையிடம் இருக்கிறது. கேட்டால் "எதுக்குன்னு சொல்லுக்கா, அப்புறம் தரேன்" என்பாள். புதுசாக ஒரு மென்பொருள் நிறுவக்கூட அவள் தயவு வேண்டியிருக்கிறது என்பது இதிலுள்ள தொல்லை. மேக் வைத்திருந்தால் செல்ஃப்கன்ட்ரோல் போடுங்கள். நேரம் முடியும்வரை கணினியை மறுதொடக்கம் செய்தாலும், செயலியை அழித்தாலும் தடை போகாது.

இன்னொரு எச்சரிக்கை. இந்த வகை நீட்டிப்புகள் பெரும்பாலும், நீங்கள் போகும் எல்லாத் தளங்களின் தரவையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கும். அதனால்தான் மூலநிரல் திறந்ததாக, அதாவது நிரலை யாரும் படித்துப் பார்க்கக்கூடியதாகப் பார்த்துப் போடச் சொல்கிறேன். அதுவும் முழுக் காப்பு இல்லை. கிரேட் சஸ்பெண்டர் என்ற நீட்டிப்பு மூலநிரல் திறந்ததுதான். 2020இல் கைமாறியது, 2021 பிப்ரவரியில் தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை நீக்கியது. பழகிய நீட்டிப்பு கைமாறியதாகச் செய்தி கண்டால் உடனே கழற்றிவிடுங்கள். எந்த உருவாக்குநரிடமும் காசு வாங்கிக்கொண்டு எழுதவில்லை, இவற்றை விற்பதே இல்லை.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்றால், எங்களுக்குக் கூலி வீடியோவின் நிமிடக் கணக்கில், வேலை பார்த்த மணிக்கணக்கில் இல்லை. பத்து நிமிட வீடியோவுக்கு அரை நாள் உட்கார்ந்தாலும் பத்து நிமிடக் காசுதான். இப்போது "தானியங்கி வசனம் வந்துவிட்டதே, நீங்கள் திருத்த மட்டும்தானே வேண்டும்" என்று பாதிக் கூலி பேசுகிறார்கள். இயந்திரம் பெயர்ச்சொல்லையெல்லாம் குதறி வைத்திருக்கும். அதைத் திருத்துவதைவிடப் புதிதாக எழுதுவது சுலபம். அதைச் சொன்னால் அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுகிறார்கள். ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார், ராத்திரி என் பெயருக்குக் கீழே ஆன்லைன் என்று தெரிந்தால் போதும், "இருக்கீங்கதானே, ஒரு சின்னத் திருத்தம்" என்று ஆரம்பித்துவிடுவார். அந்தச் சின்னத் திருத்தத்துக்குக் கூலி கிடையாது. அவரைத் தடுக்கும் நீட்டிப்பு யாராவது எழுதினால் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.

போனுக்கு என்ன என்று கேட்பீர்கள். ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங் ஏற்கெனவே இருக்கும், செயலிக்கு நேர வரம்பு வைக்கலாம். அதை நீக்குவது மிகச் சுலபம் என்பதால் நான் செயலிகளையே எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் உலாவியில் பார்க்கிறேன். ஐபோன் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், நான் வைத்திருந்ததில்லை.